பழைய ஹண்டருக்குள் நீ எனக்காகத் தேடியது

குமரா,

உன் கல்யாணப் பத்திரிகைக் கட்டு நேற்று அச்சகத்திலிருந்து வந்துவிட்டது. உன் அம்மா கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றின் மூலையிலும் மஞ்சள் தடவிக்கொண்டிருக்கிறாள். நானும் கொஞ்சம் தடவிப் பார்த்தேன். ரேவதியின் பெயர் மேலேயே மஞ்சளை ஒழுகவிட்டதால் எழுந்து போகச் சொல்லிவிட்டாள். இன்று எனக்கு வார ஓய்வு. வீட்டிலும் வேலை கிடையாது என்று ஆனதும், பல மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

போனில் உன்னோடு எனக்குப் பேச வருவதில்லை. "சாப்பிட்டியா" என்பேன், நீ "ம்" என்பாய், அதற்குள் போன் உன் அம்மா கைக்குப் போயிருக்கும். "மனசுல இருக்கறத எழுதிக் குடுங்கப்பா, நான் எடுத்த படங்களோட சேத்து நெட்ல போடறேன்" என்று போன தடவை வந்தபோது சொன்னாய். தாராளமாகப் போடு. யார் படித்தாலும் இனி எனக்கு வெட்கமில்லை. அப்பன் மகனுக்கு நன்றி சொல்வதை நம் குடும்பத்தில் யாரும் பார்த்ததில்லை. எனக்கும் பழக்கமில்லாத வேலை. அதனால் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

நான் விமானப்படையில் இருந்தவன் என்பது உனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம் நம்முடையது. பன்னிரண்டாவது முடித்த கையோடு ஆள் எடுப்பில் தேறி, ரயிலேறி, விமானத்தின் உடலையும் இறக்கையையும் வாலையும் பழுது பார்க்கும் தொழிலைக் கற்றுக்கொண்டேன். பதினைந்து வருஷத்துக்கு மேல் அந்த வேலை. பிறகு இங்கே சுரங்கத்தில் கன்வேயர் மெக்கானிக். உனக்கு அப்போது ஐந்து வயது. டவுன்ஷிப்பில் விமான ஓடுதளம் உண்டு என்றாலும் அதில் விமானம் வந்து இறங்குவதைப் பார்ப்பது அபூர்வம். அப்படி எப்போதாவது ஒன்று வந்தால் நீ வேலிக்கு வெளியே சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றுகொண்டிருப்பாய். வீட்டுக்கு ஓடிவந்து, "நீங்க ரிப்பேர் பண்ண ப்ளேன் எது மாதிரிப்பா இருக்கும்?" என்று கேட்பாய். "எல்லாம் ப்ளேன் மாதிரிதான் இருக்கும், போய்ப் படி" என்பேன். என் பழைய யூனிஃபாரம் போட்டோவைக்கூட பீரோவின் அடித்தட்டில்தான் வைத்திருந்தேன். இவருக்கு விமானம் என்றாலே பிடிக்காது போலிருக்கிறது என்று நீ நினைத்திருப்பாய்.

இன்னொன்றும் உனக்கு நினைவிருக்கும். எந்தப் பொருள் தொலைந்தாலும் எனக்கு வெறி பிடித்துவிடும். மூன்றாவது படிக்கும்போது நீ ரப்பரைத் தொலைத்துவிட்டு வந்தாய் என்று, உன்னைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூட வாசல்வரை குனிந்து தேடிக்கொண்டே நடக்கவிட்டேன். "ஒரு ரப்பருக்கா இந்தப் பாடு?" என்று உன் அம்மா கேட்டாள். ஒழுங்கைக் கற்றுத் தருவதாகச் சொன்னேன். பொய். எனக்குள் ஒரு பயம் இருந்தது, அதை உன் பென்சில் டப்பாவில் கொண்டுபோய் இறக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

இனி பெங்களூரு. இதை எழுதத்தான் இவ்வளவு நாள் பேனா ஓடவில்லை. கல்லூரியில் இரண்டாம் வருஷம், விமானக் கண்காட்சிக்கு உன்னை அழைத்துப் போகச் சொல்லி நீ என்னிடம் பேசாமல், உன் அம்மாவிடம் ஒரு மாதம் பேசினாய். கடைசியில் நான் வந்தேன். சீனியர் ஒருவரிடம் கேமராவும் பெரிய லென்ஸும் இரவல் வாங்கியிருந்தாய். வெயிலில் தடுப்புக் கம்பியோரம் இடம் பிடித்தோம். முதலில் வந்தது பழைய டகோட்டா, இரண்டு விசிறி வைத்த அந்தக் காலத்துச் சரக்கு விமானம். கூட்டத்தில் பாதிப்பேர் அதைக் கண்டுகொள்ளாமல் தின்பண்டம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். நீ இடுப்பை மட்டும் மெல்லத் திருப்பி, அது போகும் வேகத்திலேயே கேமராவையும் கொண்டுபோனாய். "விசிறி சுத்தறது தெரியணும்பா. நின்னுபோன மாதிரி எடுத்தா ப்ளேன் நூல்ல கட்டித் தொங்கற மாதிரி ஆயிடும்" என்றாய். அன்றுவரை நீ என்னிடம் எதையும் அவ்வளவு சந்தோஷமாக விளக்கியதில்லை. புது ஜெட்டுகள் வந்து ஊரே எழுந்து நின்று கத்தியபோதும் நீ அந்தக் கிழட்டு டகோட்டாவின் படங்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அப்போதுதான் லென்ஸின் மூடி இல்லாததைக் கவனித்தேன். கேட்டேன். "எங்கயோ உழுந்துடுச்சி போலப்பா" என்று சிரித்தபடியே சொன்னாய். "சாமானத் தொலைச்சிட்டு சிரிக்கறியா நீ?" என்று எல்லோர் முன்னாலும் கன்னத்தில் அறைந்தேன். மீசை முளைத்த பிள்ளையை. பக்கத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்ற ஒரு பெண் சட்டென்று தள்ளிப்போய் நின்றாள். நீ அழவில்லை. கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றிப் பைக்குள் வைத்தாய். அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் என்னென்னவோ விமானங்கள் தலைக்கு மேல் போயின. நீ தலை தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு எத்தனையோ கண்காட்சிக்கும் அருங்காட்சியகத்துக்கும் போனாய், பழைய போர் விமானங்களைத் தேடித் தேடிப் படமெடுத்தாய். என்னைக் கூப்பிடவே இல்லை. அன்று அறைந்ததற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டதே கிடையாது. இங்கே கேட்கிறேன். மன்னித்துவிடு, குமரா.

போன பொங்கலுக்கு நீ சென்னையிலிருந்து வந்திருந்தாய். சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து, கோயம்புத்தூர்ப் பக்கம் ஏதோ சின்ன அருங்காட்சியகத்தில் எடுத்த படங்களை அம்மாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தாய். நான் காபி டம்ளரோடு அந்தப் பக்கம் போனேன். திரையில் ஒரு ஹண்டர். நான் வேலை செய்த காலத்து ஒற்றை இன்ஜின் போர் விமானம் அது. வாலில் இருந்த எண்ணைப் படித்ததும் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டேன்.

"இது எங்க இருக்குது?"

"கோயம்புத்தூர்லேர்ந்து கொஞ்ச தூரம்பா. ஏன், என்ன ஆச்சி?"

"நான் போவணும்."

நீ அம்மாவைப் பார்த்தாய், அவள் உன்னைப் பார்த்தாள். ஏன் எதற்கு என்று நீ துருவிக் கேட்டிருந்தால், ஒன்றுமில்லை விடு என்று எழுந்து போயிருப்பேன், எல்லாம் அதோடு முடிந்திருக்கும். நீ கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமைக்கு இரண்டு டிக்கெட் போட்டாய். என்னோடு எங்கும் வரமாட்டேன் என்று இருந்த பிள்ளை. அதற்கு முதல் நன்றி.

தகரக் கூரை போட்ட கொட்டகை அது. பார்த்துக்கொள்பவர் பழனிச்சாமி, முன்பு மில்லில் மெக்கானிக்காக இருந்தவர். விமானத்துக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள், அந்த நிறம் அதன் நிறமில்லை. ஆனால் வால் பக்கத்து மூடிகளில் ஆணி வரிசையைத் தொட்டதும் கைக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. நீ பின்னால் நின்றுகொண்டிருந்தாய். திரும்பாமலேயே உன்னிடம் சொல்ல ஆரம்பித்தேன். அங்கே திக்கித் திணறிச் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

ஹண்டரில் இன்ஜின் மாற்ற வேண்டுமென்றால் விமானத்தின் பின்பாதியை வாலோடு தனியே கழற்றி எடுப்போம். இன்ஜினை வைத்தபின் மறுபடி பொருத்தி, வாலை அசைக்கும் கம்பிகளை இணைப்போம். ஒரு நாள் அந்த இணைப்பு வேலை என்னுடையது. சாயங்காலம் நாலு மணிக்கு முடித்துவிட்டு என் பெட்டியில் கருவிகளை அடுக்கினால், ஒரு சின்ன ஸ்பேனர் இருக்க வேண்டிய இடம் காலி. ஒவ்வொரு கருவியிலும் என் பெட்டி எண் பதினேழு என்று பொறித்திருக்கும். ஒன்று குறைந்தாலும் உடனே சொல்லிவிட வேண்டும் என்பது எங்களுக்குக் கற்றுக் கொடுத்த முதல் பாடம். உள்ளே கிடக்கும் ஸ்பேனர் நகர்ந்து அந்தக் கம்பிகளுக்கு நடுவில் சிக்கினால் விமானியால் வாலை அசைக்க முடியாது. சொன்னால் பின்பாதியை மறுபடி கழற்றித் தேடுவார்கள். திட்டு விழும், என் லீவு தள்ளிப்போகும். மறுநாள் மாலை நான் ஊருக்கு ரயிலேற வேண்டும். அந்த வாரம் எனக்குக் கல்யாணம்.

நான் சொல்லவில்லை. சைக்கிளில் கடைத்தெருவுக்குப் போய் அதே மாதிரி ஒரு ஸ்பேனர் வாங்கி, ஆணியால் பதினேழு என்று கீறி, காலைச் சரிபார்ப்புக்கு முன்னால் பெட்டியில் வைத்துவிட்டேன். ஒன்பது மணிக்கு அந்த விமானம் கிளம்பியது. விமானி ஏணியில் ஏறும்போது நின்று, என் தோளைத் தட்டி, "கல்யாணமாமே, நல்லா இரு" என்று இந்தியில் வாழ்த்தினார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அது போய்த் திரும்பி இறங்கும்வரை நான் வெயிலில் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. இறங்கியது. சாயங்காலம் ரயிலேறிவிட்டேன். லீவு முடிந்து போனால் எனக்கு வேறு தளத்துக்கு மாற்றல் உத்தரவு காத்துக்கொண்டிருந்தது. அந்த விமானம் அதற்கப்புறம் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் தைரியமில்லை. பேப்பரில் எங்காவது விமானம் விழுந்தது என்று வந்தால், அது எந்த விமானம் என்று படித்து முடிக்கும்வரை சோறு இறங்காது. இப்படியே வருஷங்கள் ஓடின.

சொல்லி முடித்துவிட்டுத் திரும்பினேன். நீ என்ன சொல்வாய் என்று நான் பயந்தேன் தெரியுமா? லென்ஸ் மூடிக்காக அடி வாங்கிய பிள்ளை நீ. "இதுக்குத்தானா என்ன அடிச்சீங்க?" என்று கேட்டிருந்தால் நான் அங்கேயே செத்திருப்பேன். நீ கேட்டது வேறு.

"எந்தப் பக்கம்பா வேலை செஞ்சீங்க? இடது பக்கமா, வலது பக்கமா?"

"இடது."

நீ நேராகப் பழனிச்சாமியிடம் போனாய். அவர் கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, நீங்க இந்த வண்டியிலயே வேலை பாத்தவிங்களா? வந்ததுமே சொல்லியிருக்கக் கூடாதுங்களா!" என்று எனக்கு ஸ்டூலும் உனக்கு டார்ச்சும் கொண்டுவந்தார். மூடிகளை அவரே கழற்றிக் கொடுத்தார். நீ சட்டையோடு தரையில் மல்லாக்கப் படுத்து, அந்த ஓட்டைகள் வழியாகத் தலையையும் ஒரு கையையும் உள்ளே விட்டாய். கண் எட்டாத இடத்தில் சின்னக் கேமராவைக் கம்பியில் கட்டி நுழைத்துப் படமெடுத்து, வெளியே கொண்டுவந்து எனக்குக் காட்டினாய். "இது என்னாப்பா?" என்பாய். வாலைத் தூக்கும் கம்பி என்பேன், எண்ணெய்க் குழாய் என்பேன், இது குளவிக் கூடு என்பேன். சிரித்தோம். நீ சின்ன வயதில் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு வந்து கேட்டதற்கெல்லாம் அன்றைக்குத்தான் பதில் சொன்னேன். மூன்று மணி நேரம். உன் முதுகெல்லாம் புழுதி, முழங்கையில் தகரம் கீறி ரத்தம்.

ஸ்பேனர் கிடைக்கவில்லை. பழைய துணி ஒன்று, நாலைந்து ஆணி, காய்ந்த பல்லி. பழனிச்சாமி யோசித்துச் சொன்னார், "துண்டு துண்டா லாரியில வந்ததுங்க. மாட்டறதுக்கு முன்னாடி உள்ளார ஒரு பக்கெட் குப்பை கூட்டி எடுத்தோம். அதுல போல்ட்டு நட்டுன்னு என்னென்னமோ இருந்துச்சு, பழைய இரும்புல போட்டுட்டமுங்க. உங்களுது இருந்துதா இல்லையான்னு ஆரு கண்டா?" பிறகு உள்ளே போய் அந்த விமானத்தோடு வந்த பழைய காகிதங்களை எடுத்துவந்தார். நீதான் விரல் வைத்துப் படித்தாய். நான் விட்டு வந்த பிறகும் பல வருஷம் அது பறந்திருக்கிறது. கடைசியில் முறையாக ஓய்வு கொடுத்துத்தான் நிறுத்தியிருக்கிறார்கள். "யாருக்கும் ஒன்னும் ஆகலப்பா" என்றாய்.

நான் அழுதேன். என் வயதுக்கு அது அசிங்கமான அழுகை. உன் கழுத்தில் கேமரா தொங்கிக்கொண்டிருந்தது. நீ அதைத் தொடவில்லை, திரும்பிப்போய் மூடிகளுக்குத் திருகாணி மாட்ட ஆரம்பித்தாய். அதற்கு இரண்டாவது நன்றி. மூன்றாவது, அந்த விமானிக்கும் அவருக்குப் பின்னால் அதில் ஏறியவர்களுக்கும். அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது. நல்லபடியாக இறங்கி வந்து என்னைக் கொலைகாரன் ஆகாமல் காப்பாற்றியவர்கள் என்பது அவர்களுக்கும் தெரியாது.

வெளியே டீக்கடையில் நீ டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாய். "நானும் ஒன்னு சொல்லணும்பா" என்றாய். மூன்று வருஷமாக ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டுமென்று இருப்பதாகவும், வீட்டில் சொல்லப் பயந்து கிடப்பதாகவும் சொன்னாய். "நம்ம ஆளுங்க இல்லப்பா" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். முந்தின நாள் கேட்டிருந்தால் நான் என்ன ஆட்டம் ஆடியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. முப்பத்து மூன்று வருஷம் ஒன்றை மறைத்தவன், மூன்று வருஷம் மறைத்தவனை எப்படிக் கோபிப்பது? "பேரு என்னா?" என்று மட்டும் கேட்டேன். அதைச் சொல்லும்போது உன் முகம் டகோட்டாவைப் பற்றிச் சொன்ன அன்றைக்கு இருந்தது மாதிரியே இருந்தது.

நீ அங்கிருந்து சென்னைக்குப் போய்விட்டாய். நான் வீடு திரும்பிய பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. உன் அம்மா மொச்சைக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு கொட்டையைக்கூட விடாமல் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"இத்தினி வருசமா இதயா மனசுல வெச்சிகினு இருந்தீங்க?"

"ஆமா."

"அத்தினி பேரு முன்னாடி புள்ளைய அடிச்சீங்களே. அதுவும் இதனாலதானா?"

"ஆமா."

அவள் கை நின்றது. "அப்ப, தாலி கட்டும்போது உங்க மூஞ்சி அப்புடி இருந்துதே. ஒரு வாட்டிகூட என்னத் திரும்பிப் பாக்கல. எங்க சின்னம்மா அன்னிக்கே கேட்டுது, மாப்புள்ளைக்குப் பொண்ணப் புடிக்கலையான்னு. நானும் அப்புடித்தான் நெனச்சிகினு இருந்தேன்."

"எவ்ளோ நாளா?"

"இன்னிக்கி வரைக்கும்தான்."

குமரா, விமானத்தில் போனவர்கள் எல்லோரும் பத்திரமாக இறங்கிவிட்டார்கள். நம் வீட்டில்தான் அடி விழுந்திருக்கிறது. கல்யாணப் பந்தலில் என் கண் முன்னால் அந்த வால்தான் இருந்தது. குள்ளஞ்சாவடியிலிருந்து பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணை நான் பார்க்கவே இல்லை. அவள் தன்னிடம்தான் ஏதோ குறை என்று எண்ணிக்கொண்டே எனக்குச் சமைத்திருக்கிறாள், உன்னைப் பெற்றிருக்கிறாள், ஷிஃப்டு ஷிஃப்டாக எழுந்து டிபன் கட்டிக் கொடுத்திருக்கிறாள். ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன்.

அதனால் உனக்குப் புத்திமதி என்று சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. தப்பு செய்தால் அன்று சாயங்காலத்துக்குள் ரேவதியிடம் சொல்லிவிடு. அவள் கோபப்படட்டும், கோபம் தணிந்துவிடும். சொல்லாத முகத்தைப் பார்த்து அவளாக ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்வாள், அந்தக் காரணம் எப்போதும் அவளுக்கே எதிரானதாக இருக்கும். உன்னிடம் ஒருவர் சொல்ல வந்தால், அன்று நீ என்னிடம் கேட்ட மாதிரி கேள். எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டுத் தரையில் படு. அதை நான் உனக்குக் கற்றுக் கொடுக்கவில்லை. எங்கே கற்றுக்கொண்டாயோ, அந்த இடத்துக்கும் என் நன்றி.

உன் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், பேச்சு மட்டும் இல்லை. மூன்றாம் நாள் நான் முதல் ஷிஃப்டு முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது வாசலில் நின்றுகொண்டிருந்தாள். என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். நானும் பார்த்தேன். பிறகு சொன்னாள்:

"அந்த ப்ளேன எனக்குக் காட்டுங்க. முப்பத்தி மூணு வருசமா எனக்குச் சக்களத்தியா இருந்துகினு இருக்குது. அது மூஞ்சிய நானும் ஒரு வாட்டி பாக்க வேணாமா?"

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். கல்யாணம் முடிந்த அடுத்த வாரத்துக்கு டிக்கெட் போட்டுவிடு, குமரா. நாலு பேருக்கு.

உன் அப்பா